மின்ஜியின் நோட்டில் என் அப்பா

தொண்ணூற்றெட்டில் ஃப்ரீமான்ட்டில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு எதிர்வீட்டில் மின்ஜி குடிவந்தபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்கும்தான். கொரியாவிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆங்கிலம் சுத்தமாக வராது. மாடிப்படியில் உட்கார்ந்து தினம் ஐந்து வார்த்தை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை யாரும் கேட்காமலே நான் எடுத்துக்கொண்டேன். வகுப்பில் என்னை ஒருத்தரும் மதிப்பதில்லை. இங்கே டீச்சராக இருப்பதில் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒருநாள் 'க்ரவுச்' வந்தது. எந்நேரமும் சிடுசிடுவென்று இருக்கும் ஆள். முகத்தைச் சுளித்தேன், காலைத் தரையில் உதைத்தேன், அவளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் எங்கள் வீட்டு ஜன்னலைக் காட்டி, "மை டாட்" என்றேன்.

என்னிடம் ஆதாரம் நிறைய இருந்தது. ஜூன் மாதம் கரூரில் தாத்தா தவறிப்போனார். அப்பா ஊருக்குப் போகவில்லை, ஆனால் அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். தீபாவளி கிடையாது, புதுத்துணி கிடையாது, என் பிறந்தநாளுக்குக் கேக்கும் கிடையாது. "ஒரு வருஷத்துக்கு நம்ம வீட்டுல எதுவும் கொண்டாடக் கூடாதுடி" என்று அம்மா சொன்னது அப்பா போட்ட சட்டம் என்றே நினைத்தேன். தாத்தா என்றால் எனக்கு ஃபோனில் கேட்கும் இருமல், அவ்வளவுதான். நான் பாதி சைகையில் சொன்ன எல்லாவற்றையும் மின்ஜி கேட்டுவிட்டு, மீசையும் கண்ணாடியுமாகத் தன் நோட்டில் அப்பாவை அச்சு அசலாக வரைந்து, கீழே அந்த வார்த்தையை எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மின்ஜியின் அம்மா ஒரு தட்டு பேரிக்காயும் அந்த நோட்டுமாக வாசலில் நின்றார். திருத்திக் கொடுங்கள் என்று சைகையில் கேட்டு, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டிவிட்டுப் போனார்.

அப்பா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். படம் வந்ததும் நிறுத்தினார்.

"இது யாரு, நானா?"

"யா," என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"ஸ்பெல்லிங் கரெக்ட்" என்று அதற்கும் ஒரு டிக் போட்டார். நோட்டை மூடி வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திட்டு விழாததில் எனக்குப் பரம நிம்மதி. தாத்தா இறந்த சமயத்தில் அப்பாவிடம், கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் இருக்கும்போது நாட்டை விட்டுப் போனால் எல்லாம் போய்விடும் என்று வக்கீல் சொன்னாராம். மூத்த மகன் இங்கே ஃபோனைக் காதில் வைத்தபடி நிற்க, அங்கே சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். இதை அம்மா என்னிடம் சொன்னது நான் காலேஜில் சேர்ந்த பிறகு. அன்று உள்ளே குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அழுகிறார் என்று தெரியாமல், எனக்கு அவசரம், சீக்கிரம் வாங்க என்று நான் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.