தம்பியின் முகம் தெளிந்த மூன்று மாதம்

மிளகும் நல்லெண்ணெயுமாகச் சட்டியில் சுருண்டு வெந்த சுவரொட்டியை என் தம்பி முகம் சுளிக்காமல் தின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். ரத்தம் ஊறும் என்று, எங்கள் பக்கத்தில் யார் படுத்தாலும் முதலில் அதைத்தான் வாங்கி வருவார்கள். சுவரொட்டியைச் சொல்லிக் குற்றமில்லை.

தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அச்சு தூக்கும் வேலை. காலில் கன்றிப்போனதைப் பார்த்து அச்சு இடித்திருக்கும் என்றே நினைத்தோம். சென்னையில் ரத்தப் புற்று என்றார்கள், அதிலும் ஆபத்து கூடிய வகை. இந்த வயதுக்கும் சிறு பிள்ளைகளுக்குத் தரும் கடுமையான மருந்து முறைதான் கேட்கும் என்று டாக்டர் குழந்தைகள் வார்டில் சேர்த்தார். சுவரெல்லாம் முயலும் யானையும். மீசை வைத்தவன் கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டு, "அக்கா, என்னையும் ரைம்ஸு பாடச் சொல்லுவாங்க போலருக்குது" என்றான். அதற்குப் பிறகு பல மாதங்களுக்குச் சிரிக்க ஒன்றும் இல்லை.

தப்பித்து வந்தான். வீட்டில் இரண்டு வருடம் தினமும் மாத்திரை போட வேண்டும், வெள்ளை அணுக்கள் குறைந்துதான் இருக்கும், பயப்படாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் ஊரில் எடுத்த சோதனையில் 'குறைவு' என்று வந்ததும் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "இந்த மாத்திரதான் புள்ள ரத்தத்தக் குடிக்குது" என்றாள். துபாயிலிருந்து எங்களைப் பெற்ற அத்தாவும், "கொஞ்ச நாளு நிறுத்திப் பாரு" என்றார். மாத்திரை நின்றது, சுவரொட்டி வந்தது.

பெண்ணாடத்தில் வாழ்க்கைப்பட்ட எனக்கு இதெல்லாம் தெரியாது. பக்ரீத்துக்கு வந்தபோது அவனுக்கு வாந்தி இல்லை, முடி அடர்ந்திருந்தது. "மாஷா அல்லா, முகம் தெளிஞ்சிடுச்சு" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் பூரிப்பாகத்தான் இருந்தது.

நோய் திரும்பியபோது டாக்டர் முன்னால் நானும் அவனும்தான் இருந்தோம். அம்மா வெளியே பெஞ்சில். மாத்திரை நின்றதுதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். "நான்தான் சார் போடல. குமட்டுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றான் தம்பி. வராந்தாவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நிறுத்துனது அம்மாதாங்க்கா. அதனாலதான் வந்துச்சுன்னு அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

அவன் போய் மூன்று வருடம் ஆகிறது. எனக்கு அழுகை வரவில்லை. பிறகு வரும் என்றார்கள், வரவேயில்லை. சமைக்கிறேன், பஸ் ஏறி அம்மாவைப் பார்க்கப் போகிறேன், திரும்பி வருகிறேன். எதுவும் உறைப்பதில்லை.

யார் வந்தாலும் அம்மா ஒரே பேச்சைத்தான் பேசுகிறாள். "ஆஸ்பத்திரியில என்னத்தக் கண்டோம்? அந்த மாத்திரைய நிறுத்திட்டு என் கையால ஆக்கிப் போட்டேன் பாருங்க, அந்த மூணு மாசந்தான் எம்புள்ள நல்லா இருந்தான்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

"ஆமாம்மா" என்பேன்.