மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கவில்லை

என் மூத்த பெண் செஞ்சியில், என் தாய்வீட்டில் பிறந்தாள். அறுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. பம்பாயில் அணு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலைபார்த்த என் வீட்டுக்காரர் லீவு போட்டுக்கொண்டு பிள்ளையைப் பார்க்கத் திண்டிவனம் பஸ்ஸில் வந்து இறங்கினார். குளித்துவிட்டு வந்து தூளியருகே நின்றார். அம்மா குழந்தையை எடுத்து நீட்டினாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தூங்கட்டும் அத்தை" என்றார். குழந்தையோ கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தது.

அன்று முழுவதும் தூக்கவில்லை. மறுநாளும் இல்லை. காலையிலேயே தபாலாபீசுக்குப் போய்விடுவார். பம்பாய்க்கு டிரங்கால் போட்டுவிட்டு, லைன் கிடைக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும்போது முகம் பேயறைந்த மாதிரி இருக்கும்.

"பொட்டப்புள்ளன்னு மூஞ்சத் தூக்கி வச்சினு இருக்கறாரு" என்றார் நைனா. "படிச்ச மாப்ளன்னு குடுத்தோம், இன்னா புண்ணியம்?"

எனக்கும் அதே சந்தேகம்தான். பச்சை உடம்பு என்றும் பாராமல் எழுந்துபோய்ப் புழக்கடையில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க, பொண்ணு வேணாம்னா வாயத் தொறந்து சொல்லிடுங்க. நான் இங்கியே வளத்துக்கிறேன்."

"பைத்தியமே, அது இல்ல" என்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அடிக்குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

அவர் வேலை எனக்கு மேலோட்டமாகத் தெரியும். நெருப்பில்லாமல் வருடக்கணக்கில் தானாகவே சூடாக இருக்கும் ஒரு பொருள். அதை உலோகக் கலவையில் செய்த சின்ன உறைக்குள் வைத்து மூடுவார்கள். அந்தச் சூட்டில் உள்ளிருப்பது உறையை அரிக்கிறதா, எந்தக் கலவை தாங்கும் என்று பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் உலையில் வைத்து, பிறகு அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஈயம் தேய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் களிம்பேறுகிறதே, அந்த மாதிரி என்று கல்யாணமான புதிதில் விளக்கியிருந்தார். பெரும்பாலும் ஆபத்தில்லாத மாற்றுப் பொடியை வைத்துத்தான் சோதிப்பார்களாம். அதனால் நானும் நிம்மதியாக இருந்தேன்.

இந்தத் தடவை வைத்தது நிஜப் பொருள்.

"வெளில பாத்தா உறை புத்தம்புதுசாட்டம் இருந்துது. உள்ளேர்ந்து அரிச்சினே வந்திருக்குது, யாருக்கும் தெரில. கண்ணாடிப் பெட்டிக்குள்ள கையுறை போட்டு எடுத்து வெக்கிறேன், வாயப் பொளந்துக்குச்சு. தெறிச்ச சில்லு கையுறையக் கிழிச்சிடுச்சு. கைல ஒண்ணுமில்லன்னு மிஷின் வச்சுப் பாத்துட்டாங்க. மூச்சோட உள்ள போயிருந்தா மூத்திரத்துலதான் தெரியும். குடுத்துட்டு வந்திருக்கறேன். ரிசல்ட் வரல."

"தூக்குனா புள்ளைக்கு வந்துடுமா?"

"வராது. புத்திக்குத் தெரியுது. கை போவ மாட்டேங்குது."

என் கோபமெல்லாம் எங்கே போனதோ. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். வேலை விஷயம் வெளியே போகக்கூடாது, யாரிடமும் மூச்சுவிடாதே என்றார். சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது? விஷயம் தெரிந்தால் அம்மா அவர் சாப்பிட்ட தட்டைக்கூடத் தொடமாட்டாள். பெண் பிறந்ததற்கு மூஞ்சியைத் தூக்கும் மாப்பிள்ளை என்றால் ஊரில் பத்தோடு பதினொன்று. அந்தப் பேரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. அவர் லேசாக இருமினாலும் ஓடிப்போய் அவர் முகத்தைப் பார்ப்பேன். நைனா வேண்டுமென்றே அவர் காதுபட, "எங்க வூட்டு மகாலட்சுமிக்கு இன்னா கொறச்சல்" என்று குழந்தையைக் கொஞ்சுவார். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். எனக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்துவிடும், விழுங்கிக்கொள்வேன்.

லீவு முடிய இருந்த சமயம், ஒரு மத்தியானம், கோட்டை மலைப் பாறையெல்லாம் அனல் கக்குகிற வெயிலில் தபாலாபீசிலிருந்து செருப்பைக்கூட மறந்துவிட்டு ஓடிவந்தார். என்னைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். நேரே போய்த் தூளியிலிருந்து பெண்ணை அள்ளி எடுத்தார். தலை நிற்காத குழந்தையை எப்படிப் பிடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

கட்டிலில் படுத்திருந்த நைனா எழுந்து உட்கார்ந்தார். "இப்பதான் மனசு வந்துதா மாப்ளைக்கு?"

நான் உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"ஆமா மாமா" என்றார். "தப்புதான். மன்னிச்சிடுங்க."

நைனா சாகும்வரை அவரை மன்னிக்கவில்லை.