கடைசி நிறுத்தத்துப் பள்ளி

அந்த வட்டாரத்துக்கு அரசு நடுநிலைப் பள்ளிகள் மூன்று. மூன்றும் ஒரே பேருந்துப் பாதையில் இருந்தன. அந்தப் பேருந்தை ஓட்டியவருக்கு ஊர் வைத்த பேர் கண்ணாடிக்காரர். மூக்குக்கண்ணாடி ஒன்றும் கிடையாது. தலைக்கு மேல் தொங்கும் நீளக் கண்ணாடியில் பின்னால் இருப்பவர்களைப் பார்த்தபடியே ஓட்டுவார், அதனால் வந்த பேர்.

"அண்ணே, நடுநடுவுல ரோட்டையும் ஒரு பார்வ பாத்துக்குங்க," என்பான் நடத்துனன்.

அந்த ஆண்டு கண்ணாடியில் அவருக்கு வேலை கூடிப்போனது. மகள் ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

முதல் பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில், சந்தையை ஒட்டி. அந்தப் பிள்ளைகள் வண்டியில் ஏறினால் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்டதுபோல இருக்கும். ஒருவன் பை ஜன்னலுக்கு வெளியே போகும். ஒருத்தி பின்னல் இன்னொருத்தி கையில் இருக்கும். இரண்டாவது, பாலத்துப் பள்ளி. புத்தம்புதுக் கட்டடம், உள்ளே வாத்தியார் பஞ்சம். மத்தியானமே பிள்ளைகள் நிறுத்தத்தில் நின்று கல் எறிந்து விளையாடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, கடைசி நிறுத்தத்தில். அங்கேதான் சேர்க்க வேண்டும் என்றாள் அவருடைய அக்கா. பள்ளிக்குப் பின்சந்தில் தையல் கடை வைத்திருப்பவள். காலை முதல் வண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் முதல் பாடம் முடிந்துவிடும். சேர்த்தால் மகள் அத்தை வீட்டில்தான் தங்க வேண்டும்.

"விடுடா எங்கிட்ட. உம் பொண்ண நான் என்ன முழுங்கியா போடுவேன்?"

அவருக்கு அதுதான் தொண்டையில் சிக்கிய முள். மனைவி போனபின் இரண்டு அறைகளில் இரண்டே பேர். அவர் பேச்சில் கஞ்சன். மகள் அந்த அறையிலிருந்து இந்த அறைக்கு விடாமல் பேசுவாள். டீச்சர் செருப்பு அறுந்த கதை, பென்சில் சீவிய கதை. அவர் "ம்" கொட்டுவார். அவள் பேச்சுதான் வீட்டுக்குச் சுவர்போல.

ஆகவே கடைசி நிறுத்தத்துப் பள்ளியில் குறை தேடினார். வேண்டாத மருமகள் கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம். தேடினால் கிடைக்காமலா போகும்? காலையில் நடந்தே பள்ளிக்குப் போகும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் சாயங்கால வண்டியில் ஏறுவார்கள். கண்ணாடியில் வரிசையாகத் தலைகள். ஒரு சத்தம் இருக்காது. இருமல்கூட அளவோடு வரும்.

அக்காவிடம் சொன்னார்: "புள்ளைங்களாக்கா அதுங்க? எழவு வீட்டுக்குப் போயிட்டு வர்ற மாதிரி வருதுங்க. அடிச்சே வாயக் கட்டியிருக்காங்க."

"யாருடா சொன்னா?"

"நாந்தான் தினம் பாக்குறேனே."

மகளிடமும் அதையே சொன்னார். "அப்ப எனக்கு அது வேண்டாம்ப்பா," என்றாள். அவர் அன்று சற்றுக் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் சந்தைப் பள்ளிக்குப் போய் விசாரித்தும் வந்தார். அன்று சாயங்காலம் கடைசி நிறுத்தத்துப் பிள்ளைகளோடு திரும்பும் வழியில் டயர் பஞ்சர். இறங்கச் சொல்வதற்காக இருக்கையை விட்டு எழுந்து, வருஷத்தில் முதல் முறையாக வண்டிக்குள் பின்பக்கம் நடந்தார்.

அப்போதுதான் கைகளைப் பார்த்தார்.

இருக்கை முதுகுகளுக்குக் கீழே, கண்ணாடிக்கு எட்டாத இடத்தில், அத்தனை கைகளும் பேசிக்கொண்டிருந்தன. ஒருவன் தன் உள்ளங்கைமேல் இரண்டு விரல்களை நொண்டி நொண்டி நடக்கவிட்டான். யாரோ பெரிய மனிதரின் நடையாக இருக்க வேண்டும். ஜன்னலோரச் சிறுமி ஒருத்தி விழுந்து விழுந்து, சத்தமே இல்லாமல் சிரித்தாள். மற்றவர்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரையும் இறக்கிவிட்டு, ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு நடத்துனனைக் கேட்டார்: "என்னடா இது?"

"அந்தப் பொண்ணுக்குக் காது கேக்காதுண்ணே. வருஷம் பூரா உங்களுக்கு இது தெரியாதா?" அவன் தலையில் அடித்துக்கொண்டான். "தலையவே பாத்துட்டிருந்தா எப்படித் தெரியும்? நானே டிக்கெட்டுக்கு ரெண்டு மூணு கத்து வச்சிருக்கேன்."

நொண்டி நடை நடந்த பையன் பக்கத்தில் வந்தான். தரையில் கால் பட்டதும் அவனுக்கு வாய் முளைத்துவிட்டது. "பஸ்ஸுக்குள்ள வாயத் தொறந்து பேசினாலோ சத்தமா சிரிச்சாலோ அவுட்டு மாமா, 'ம்'னாக்கூட அவுட்டு. இல்லாட்டி அவ மட்டும் சும்மா உக்காந்திருப்பால்ல? எங்க டீச்சர் மொதல்ல கத்துக்கிட்டாங்க. அப்புறம் எங்களுக்கு."

"அடிப்பாங்களா?"

"யாரு, டீச்சரா?" அவன் சிரித்த சிரிப்பில் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கழற்றிய போல்ட்டை எங்கே வைத்தோம் என்று வெகுநேரம் தேடினார். அது கையிலேயே இருந்தது.

வீட்டில் மகள் சந்தைப் பள்ளியில் யார் பக்கத்தில் உட்காரப்போகிறோம் என்பதுவரை முடிவு செய்திருந்தாள். அவர் "ம்" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பேசாமல் இருப்பது அவருக்குப் புது வேலையும் இல்லை.

"பாப்பா," என்றார். "அந்தக் கடைசி ஸ்டாப் ஸ்கூல்ல அடிக்க மாட்டாங்க. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

கைகளைப் பற்றிச் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.  முடித்தபோது அவள் அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து வாசற்காலில் சாய்ந்து நின்றாள்.

"அப்ப நீங்க?"

"எனக்கென்ன? தினம் உங்க ஸ்டாப்புக்குத்தான வரேன்."

சொன்னபடி தினம் போகிறார். அங்கே ஒரு டீ குடிக்க நேரம் உண்டு. மகள் தோழிகளோடு ஓடி வருவாள். "சாப்டீங்களாப்பா?" என்பாள். அதற்குள் ஜன்னலோரச் சிறுமி உள்ளேயிருந்து கையை ஆட்டுவாள். இவள் கீழே நின்று கையாலேயே பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்காது. என்ன என்று அவருக்கு விளங்காது. கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் நடத்துனன் விசில் ஊதிவிடுவான்.

திரும்பும் வழியில் கண்ணாடியில் தலைகள் வரிசையாக அசைந்துகொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போடுகிறார். பழக்கத்தில் இரண்டு தட்டை எடுத்து ஒன்றைத் திரும்ப வைக்கிறார். குழாயை மூடுகிறார். நாற்காலியை இழுத்துப் போடுகிறார். அடுத்த அறையைப் பார்த்து ஒருமுறை "ம்" என்கிறார்.

அந்தப் பிள்ளைகளின் கணக்குப்படி அதற்கே அவர் அவுட்டு. ஆனால் சொல்வதற்கு ஆள் வேண்டுமே.