தும்பு வண்டி வரவில்லை

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் தரையில் வைத்த பொருள் என்று எதுவுமே கிடையாது. தயிர்ப்பானையும் ஊறுகாய்ச் சாடியும் உறியில் தொங்குவது எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் அப்பாவின் குடை, அம்மாவின் வெற்றிலைப்பெட்டி, என் சிலேட்டு, அடுத்த வீட்டுப் பூனை எங்களிடம் ஈன்றுவிட்டுப் போன இரண்டு குட்டிகள் எல்லாமே உறியில்தான் இருந்தன. பதுளைக் கடைவீதியில் இருந்த எங்கள் கடையின் பின்கட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து நடக்கப் பழகிக்கொண்டார்கள். அத்தனை உறிகளையும் பின்னியவர் அம்மாவின் தம்பி, என் மாமா.

மாமா மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். மலையை வெட்டி வண்டிப்பாதை போட்டபோது, மழையில் மேடு சரிந்து அவருடைய ஆட்கள் சிலரை மூடிவிட்டது. மூன்று நாள் மண்வெட்டியாலும் பிறகு கையாலும் தோண்டினாராம். ஒருவரும் உயிரோடு வரவில்லை. அதன்பின் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாதபடி கைகள் நடுங்கின. இதெல்லாம் நான் பெரியவனான பிறகு அறிந்தது. எனக்கு அப்போது பத்து வயது; மாமாவுக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

அவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த யாரோ பொழுதுபோக்காகத் தேங்காய் நாரான தென்னந்தும்பைத் திரித்து உறி பின்னிக்கொண்டிருக்க, மாமா அதைப் பார்த்துப் பார்த்துத் தானும் பின்னத் தொடங்கினார். தும்பு விரலில் இருக்கும்வரை நடுக்கம் நின்றுவிடுவதை மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி கவனித்தார். "இந்தக் கைக்கு என்கிட்ட மருந்து இல்லீங்க. வேலை குடுங்க, போதும்" என்று அப்பாவிடம் சொல்லி, மாமாவை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். அந்த மருந்து எங்கள் கடையிலேயே கட்டுக்கட்டாக இருந்தது. தும்பு வெளியூரிலிருந்து மாட்டுவண்டியில் வரும்.

மாமா ஆட்கள் கூடும் கடைப்பக்கம் வரமாட்டார். அதனால் பள்ளி விட்டு வந்ததும் தும்பு எடுத்துப்போய் நனைத்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. அவர் கயிறு திரிக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்காரவும் வேண்டும். ஒரு நாள் முனையை ஆணியில் கட்டிவிட்டு நழுவினேன். திரும்பி வந்து பார்த்தால், ஆணியைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த முனையில் ஆள் இருக்க வேண்டும் அவருக்கு. நடுநடுவே இரண்டு முறை கயிற்றைச் சுண்டுவார். நானும் இரண்டு முறை சுண்டினால்தான் மேலே திரிப்பார். இப்படியே ஆறேழு மாதம் போயிற்று. அவர் தானாகவே காப்பி குடித்தார். பூனைக்குட்டிகளைப் பார்த்து ஒரு தடவை சிரித்தார். இனிப் பேசிவிடுவான் என்று அம்மா காத்திருந்தாள்.

நான் காத்திருக்கவில்லை. பள்ளியில் எனக்குத் தொங்கல் என்று பெயர் வைத்திருந்தார்கள். "டேய் தொங்கல், உங்கப்பாவையும் உறியிலதான் வச்சிருக்கீங்களாமே?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்தப் பெயரைக் கழுவிக்கொள்ள, மாலையில் அவர்களோடு கோலி விளையாடுவது ஒன்றே வழி என்று எனக்குப் பட்டது.

ஐப்பசி மழை பிடித்திருந்தது. "தும்பு இல்ல மாமா. வண்டி வரல" என்று ஒரு நாள் சொல்லிவிட்டு ஓடினேன். கடையில் நான்கு கட்டு இருந்தது. மறுநாளும் அதையே சொன்னேன். அவர் ஓர் உறியை அவிழ்த்து, பழைய கயிற்றையே மறுபடி முறுக்கப் பார்த்தார், மறுமுனையில் ஆளில்லை. மூன்றாம் நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன. ஏதாவது காரணம் சொன்னால்தான் விடுவார் என்று நினைத்து, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ரோட்டுல மண்ணு சரிஞ்சு போச்சு மாமா. அதான் வண்டி வரல."

மாமா எழுந்து நின்றார். "ஆளுக?" என்றார். அவர் குரலை அன்றுதான் அத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்டேன். எனக்குப் புரியவில்லை. "உள்ள ஆளு இருக்கா, மாப்ளே?"

பொய்க்குக் கணக்குச் சொன்னால் பலம் கூடும். "ரெண்டு பேரு" என்றேன்.

பிறகு அம்மாவிடம் ஓடினேன். மாமாவைப் பேச வைத்தவன் நான் என்ற பெருமை தாங்கவில்லை. மாமா என்ன பேசினார் என்று அம்மா கேட்டபோது, "மாப்ளேன்னு கூப்பிட்டாரு" என்று மட்டும் சொன்னேன். அம்மா அழுதாள், சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள், உடனே பணியாரம் சுட உட்கார்ந்தாள். முதல் தட்டை எனக்குக் கொடுத்து, இரண்டாவதை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனாள். அறையில் யாரும் இல்லை. கடையில் ஒரு மண்வெட்டி குறைந்திருந்தது.

விளக்கு வைத்த பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார். ஹாலிஎலப் பக்கமிருந்து வந்த வண்டிக்காரர்கள் தும்புக்கட்டுகளின் மேல் உட்காரவைத்துக் கூட்டிவந்தார்கள். உள்ளங்கை இரண்டும் உரிந்து ரத்தமாக இருந்தன.

"ரோடு நல்லாத்தாங்க இருக்கு. இவரு பாட்டுக்கு மேட்டைத் தோண்டிக்கிட்டு நிக்கிறாரு" என்றான் ஒரு வண்டிக்காரன். "என்னய்யா புதையலான்னு கேட்டேன். சத்தம் போடாத, உள்ள கூப்புடுறது கேக்கணும்ங்கிறாரு."

எல்லோரும் சுற்றி நிற்க, மாமா என்னைத் தேடிப் பார்த்தார்.

"மாப்ளே, எடுத்தாச்சா?"

"எதைடா எடுக்கணும்?" என்று அம்மா அழுதாள். "எல்லாம் எடுத்துக்கலாம், நீ படு" என்று அப்பா தோளைத் தட்டினார். மாமா என்ன கேட்கிறார் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். வாயில் பணியாரம் இருந்தது. விழுங்கவும் இல்லை, பேசவும் இல்லை.

அதற்குப் பிறகும், நான் பள்ளியிலிருந்து வரும்போதெல்லாம் அதையே கேட்டார். நான் கொல்லை வழியாக வரப் பழகிக்கொண்டேன். கைப்புண் ஆறியபின் அம்மாவே தும்பை நனைத்துக் கொடுத்துப் பார்த்தாள், அவர் தொடவில்லை. கேட்பதும் ஒரு நாள் நின்றுபோயிற்று. தை மாதம் அவரைக் கப்பலேற்றி, கடலுக்கு அப்பால் இருந்த சொந்த ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு வருடம் உயிரோடு இருந்தார். அவரை அனுப்பிய ஆண்டு பள்ளியில் நன்னடத்தைப் பரிசு எனக்குத்தான் கிடைத்தது.

உண்மையைச் சொன்னால் அப்பா தோலை உரிப்பார் என்பது மட்டுமே அன்று என் மனதில் இருந்தது. உண்மையைக்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். எடுத்தாச்சு மாமா, ரெண்டு பேரும் எழுந்து வீட்டுக்கு நடந்து போயிட்டாங்க என்று இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். மற்ற யார் சொல்லியும் அவர் நம்பியிருக்கமாட்டார். அந்த இருவரையும் மண்ணுக்குள் வைத்தவன் நான் என்பதும், அவர்களை வெளியே எடுக்க என்னால் மட்டுமே முடியும் என்பதும் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.