பங்கு மானும் ஐந்து கிராம் ஈயமும்

என் மருமகன் வேட்டைக்காரர். ஸ்காபரோவில் ரூஜ் பக்கம் நாலு அறை வீடு, காப்புறுதிக் கம்பனியில் வேலை, வருடத்தில் ஒரு கிழமை காடு. மற்ற ஐம்பத்தொரு கிழமையும் அந்த ஒரு கிழமையைப் பற்றிய பேச்சு.

அவருடைய துவக்கு பழைய கவ்பாய் படங்களில் வருவது போன்றது. விசைக்குக் கீழே உள்ள வளையத்தை முன்னே தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். குழலின் வாய்க்குள் என் சுண்டுவிரல் நுனி போகும். உள்ளே ஒன்றும் இல்லையே என்று மூன்று தரம் கேட்ட பிறகுதான் விட்டுப் பார்த்தேன்.

போன வருடம் அதால் ஒரு மான் விழுந்தது. இந்த வருடம் மகளுக்கு ஐந்தாம் மாதம். சோறு, பாண், இடியப்பம் எதைத் தின்றாலும் திரும்பி வருகிறது. வயிற்றில் நிற்பது அந்த மான் கறி ஒன்றுதான். மருமகனுக்கு இதைவிட வேறு பெருமை வேண்டுமா? பிள்ளை தன் மானில்தான் வளர்கிறது என்று கோயிலில் வைத்துக்கூடச் சொன்னார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் என் பல்லில் ஏதோ பட்டது. எடுத்துக் கோப்பை விளிம்பில் வைத்தேன். சாம்பல் நிறம், அரிசிக் குருணி அளவு. தேடியபோது இன்னும் இரண்டு கிடைத்தன.

"எலும்பு, மாமா" என்றார் மருமகன்.

எலும்பில் பல்லின் தடம் பதியாது. நான் முப்பத்தொரு வருடம் இரசாயனம் படிப்பித்தவன். அது ஈயம்.

மகள் வாய்க்குக் கொண்டுபோன கறித்துண்டைக் கோப்பையில் திரும்ப வைத்தாள். "பிள்ளைக்குக் கூடாதோ அப்பா?"

"மூளைக்குக் கூடாது, பிள்ளை."

வெள்ளைக்காரர் காலங்காலமாகத் தின்கிறார்கள், அவர்களுக்கு என்ன வந்தது என்று மருமகன் கேட்டார். அவர்கள் துவக்குச் சன்னம் பட்ட இடத்தை அகலமாக வெட்டி எறிந்துவிடுகிறார்கள். நாங்கள் எலும்போடு ருசி என்று அதைத்தான் முதலில் கொத்திச் சட்டிக்குள் போடுகிறோம். இதைச் சொன்னேன். அவர் விடவில்லை. தன் சன்னம் பூப்போல விரியுமே தவிர உடையாதாம். செம்புச் சன்னம் என்று இன்னொன்று இருக்கிறது, அதில் ஈயமே இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய துவக்கு பெரிய சன்னத்தை ஆறுதலாக, மெல்லத் தள்ளும் வகை, தூரத்தில் வேகம் விழுந்துவிடும், அப்போது செம்பு விரியாமல் ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போய்விடும், காயப்பட்ட மான் ஓடிவிடும் என்றார். இதையெல்லாம் அவருக்குச் சொன்னது யூடியூப்.

அப்படியானால் சுட்டுப் பார்ப்போம் என்றேன்.

ஒஷாவாவுக்கு அப்பால் அவருடைய சிநேகிதர் ஒருவருக்குப் பண்ணை இருக்கிறது. செம்புத் தோட்டா இரண்டும் அவர்தான் தந்தார். தண்ணீர் நிரப்பிய நாலு லீற்றர் கலன்களை வரிசையாக அடுக்கிச் சுடுவதுதான் முறை. எங்கள் வீடுகளில் பால் பையில் வருவதால் கலன் இல்லை. வினாகிரிக் கலனுக்காக அவர் சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கினார். ஏன் என்று யாராவது கேட்டால் ஆராய்ச்சி என்றார்.

ஈயச் சன்னம் முதலாவது கலனைக் கிழித்து எறிந்து, நாலாவதில் நின்றது. நல்ல காளான் வடிவம். மருமகன் அதை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்தார். செம்பு ஆறாவது வரை போனது. நாலு இதழும் விரிந்து, ஒன்றும் உடையாமல் கிடந்தது.

"கிட்ட நிண்டு சுட்டபடியால் விரிஞ்சது" என்றார். "காட்டுக்கை மான் வந்து பக்கத்திலை நிக்குமே?"

நான் இரண்டு சன்னங்களையும், சுடாத தோட்டாக்களிலிருந்து கழற்றிய இரண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். கிராமில் தசம் வரை காட்டும் தராசு ஸ்காபரோவில் எங்கே இருக்கும் என்று எங்கள் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. மகளின் தாலிக்கொடி செய்த நகைக்கடைக்கே மருமகனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். "உது என்ன அண்ணை, ஆற்றையேன் பல்லோ?"

விசயத்தைச் சொன்னதும் ஒரு தாலியை வைப்பது போலவே பயபக்தியாகத் தராசில் வைத்தார். சுடாத ஈயச் சன்னம் பத்தொன்பது தசம் நாலு கிராம். சுட்டது பதினாலு தசம் நாலு. செம்பு சுட முன்னும் பின்னும் பதினாறு தசம் இரண்டு.

"அஞ்சு கிராம் எங்கை போனது?" என்றார் கடைக்காரர்.

"போன வருசத்து அஞ்சு கிராம் கறிக்குள்ளை" என்றேன்.

"நாங்கள் எடுக்கிற சேதாரம் உதிலும் குறைவு. பிறகேன் சனம் எங்களைக் கள்ளர் எண்டுது?"

மருமகன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தோடுகளை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் நிறையைச் சொன்னேன். அவள் நிலக்கீழ் அறைக்கு இறங்கி பிறீசரைத் திறந்தாள். ஏழு பைகள் மிச்சம். மருமகன் பின்னாலேயே ஓடினார். சன்னம் பட்டது தோளில்தானே, தொடை இறைச்சிக்கு ஒன்றும் இராது, அதை வைத்திருப்போம் என்றார். உண்மையில் அது நியாயமான பேச்சு.

"எது தொடை?" என்று மகள் கேட்டாள்.

அவர் பைகளைப் புரட்டினார். எதிலும் தொடை இல்லை. எல்லாவற்றிலும் தொடை இருந்தது. மானைக் கொண்டுவந்த அன்று அவர் வெள்ளைக்காரரைப் போலத் தோள் வேறு, தொடை வேறு என்று கட்டவில்லை. ஊரில் பங்கு ஆடு அடிப்பதைப் போல, முழுவதையும் கொத்திக் கலந்து, ஒவ்வொரு பங்கிலும் ஈரலில் ஒரு துண்டு, நெஞ்செலும்பில் ஒரு துண்டு, தோளில் ஒரு துண்டு விழும்படி குவியல் குவியலாகப் பிரித்திருந்தார். ஆருக்கும் குறை வரக்கூடாது என்று நானே பக்கத்தில் நின்று குவியல்களை எண்ணினேன். அவ்வளவு நீதியாக ஈயம் வேறெங்கும் பங்கிடப்பட்டிருக்காது.

ஏழு பையும் குப்பைக்குப் போயின. அன்று இரவு மகள் கஞ்சி குடித்தாள். அதுவும் நிற்கவில்லை. மருமகன் குளியலறைக் கதவுக்கு வெளியே துவாயோடு நின்றார். விடிந்ததும் போய்ச் செம்புச் சன்னத்தில் இரண்டு பெட்டி வாங்கி வந்தார்.

செம்பு என்றால் மான் கிட்ட வரும்வரை அசையாமல் இருக்க வேண்டும். அசையாமல் இருப்பது அவருக்கு வராது. கலியாண மணவறையிலேயே நாலு தரம் தொலைபேசியைப் பார்த்தவர். ஆகவே இப்போது பின்வளவில், மேப்பிள் மரத்துக்குக் கீழே, மடிப்புக் கதிரையில் இருந்து பழகுகிறார். மூக்கைச் சொறிகிறார், நேரம் பார்க்கிறார், அணிலுக்குத் திடுக்கிடுகிறார். ஆறு நிமிடத்துக்கு மேல் போனதை நான் இன்னும் காணவில்லை.

மகள் குசினி யன்னலில் கஞ்சிக் கோப்பையோடு நிற்கிறாள். அவர் எழும்பினால் கண்ணாடியில் தட்டுகிறாள்.

"இருங்கோ. மான் இன்னும் வரேல்லை."

அவர் இருக்கிறார்.