கோட்புஸ் டு ஹோஷெபுஸ்

மாமா அனுப்பிய போட்டோவில் மஞ்சள் பலகை ஒன்று இருந்தது. மேலே கோட்புஸ், கீழே ஹோஷெபுஸ். பார்த்த நிமிஷமே முடிவாகிவிட்டது: ஏழாம் வகுப்புக் கண்காட்சிக்கு நான் செய்யப்போவது ஜெர்மனியின் கிழக்கு ஓரத்து லவுசிட்ஸ் வட்டாரம். மற்றவர்கள் பாரிஸையும் லண்டனையும் கட்டிக்கொண்டு அழட்டும்.

மாமா அம்மாவின் தம்பி. அங்கே மேல்படிப்பு. அவர் போனில் சொல்லச் சொல்ல எனக்குத் தூக்கம் போயிற்று. ஆறு நூல் நூலாகப் பிரிந்து காட்டுக்குள் ஓடுமாம். தபால்காரர் படகில் வருவாராம். நிலக்கரிக்காக ஊர்களையே பெயர்த்தெடுத்த பள்ளங்களில் தண்ணீர் விட்டு ஏரியாக்குகிறார்களாம். சோர்பியர் என்று ஒரு சின்னக் கூட்டம். வீட்டுக்குள் தனிப் பேச்சு, வெளியே ஜெர்மன். மாமா குடியிருந்த வீட்டுக்கார அம்மாவும் மகளும் சமையலறையில் தங்கள் பேச்சில் சளசளத்துக்கொண்டிருப்பார்களாம், இவர் தலை தெரிந்ததும் ஜெர்மனுக்கு மாறிவிடுவார்களாம். 'இவ்வூர் மக்கள் விருந்தினரை மதிப்பவர்கள்' என்று சார்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

எங்கள் வீட்டிலும் தெலுங்குதான். ராஜபாளையத்தில் அது ஒரு விஷயமே இல்லை. நான் படித்ததோ ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அம்மா என்னைத் தெலுங்கில் 'ஏமிரா', அதாவது 'என்னடா', என்று அதட்டியதை மம்சாபுரத்துப் பையன் ஒருவன் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து "ஏலே ஏமிரா, இங்க வாலே" என்பதே என் பெயர். அது அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கண்காட்சியன்று அம்மா தெலுங்கில் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டுமே என்று எனக்கு ஒரே பயம். வெளியே சொல்லவில்லை.

தெர்மாகோலில் இரண்டு ஊர், நடுவில் ரோடு, ரோட்டில் பொம்மை பஸ்.

"ரெண்டுக்கும் எம்புட்டு தூரம்லே?" என்றார் கண்காட்சியன்று என் மேசைக்கு வந்த சமூக அறிவியல் சார்.

"நம்ம ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரிதான் சார். போர்டுலயே போட்டிருக்கு."

தினமும் பஸ் போர்டைப் படித்து ஏறுகிறவனுக்கு, ஒரு பலகையில் இரண்டு பெயரென்றால் வேறென்ன தோன்றும்? சாருக்குச் சந்தேகம். மாமாவையே கேட்டுவிடலாம் என்றார். பக்கத்தில் நின்ற அம்மாவின் போனில் வீடியோ கால் போட்டோம். கம்பளித் தொப்பியோடு வந்த மாமா என் பஸ்ஸைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ரெண்டு ஊர்லு காதுரா, ஒகடே ஊரு."

இரண்டு ஊர் இல்லையாம், ஒரே ஊர்தானாம். மேலே ஜெர்மன் பெயர், கீழே சோர்பியப் பெயர்.

"ஏமிராவோட மாமாவும் ஏமிராதாம்லே" என்றான் மம்சாபுரத்தான். வகுப்பே சிரித்தது. மாமா அதற்குள் அம்மாவிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். போனை வாங்கிக்கொண்டாள்.

"சரிப்பா, அவன் பொறவு மாத்திக்கிடுவான். நீ சாப்ட்டியா?" என்றாள், தமிழில்.

மாமா கம்பளித் தொப்பியைக் கழற்றினார். பிறகு, "சாப்ட்டேன்க்கா" என்றார். அவரும் தமிழில்.

அக்காவும் தம்பியும் தமிழில் பேசி அதுவரை நான் கேட்டதேயில்லை. யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் பேசிக்கொள்வதுபோல் இருந்தது. எனக்கோ, தப்பித்தோம் என்றிருந்தது. திரும்பும்போது பஸ்ஸிலும் அம்மா என்னிடம் தமிழிலேயே பேசினாள். வீட்டுக்கு வந்தும் அப்படித்தான், மறுநாளும் அப்படித்தான். அம்மாவுக்குத் தமிழ் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னிடமிருந்து எதையோ எடுத்து உள்ளே வைத்துப் பூட்டுகிறாள் என்று தெரியவில்லை. இன்று தெலுங்கு எனக்குக் காதுக்கு எட்டும், நாக்குக்கு எட்டாது.

மாமா இப்போது அங்கேயே வேலையில் இருக்கிறார். ஜூனில் அம்மாவும் நானும் போகிறோம். கூரை முகட்டில் செதுக்கி வைத்த மரப்பாம்புகள், வாத்து இறகால் மெழுகிட்டு வண்ணம் தீட்டிய முட்டைகள் என்று பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் முதலில் படகுச் சவாரி. மாமா, அம்மா, நான், கூடவே முன்பின் தெரியாதவர்கள் பலர். அத்தனை பேர் நடுவே, உரக்க, முதல் வார்த்தையைத் தெலுங்கில் நான்தான் எடுக்க வேண்டும். என்ன சொல்வதென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.