ஹந்தாவின் வண்டியில் தோர்லிக்

கோபிப் பாலைவனத்தின் தென்பகுதியில், சுரங்க ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே வேன் ஓட்டுகிறவள் ஹந்தா. தார் ரோடு கிடையாது. சரளை வெளியில் டயர் தடங்கள் பலவாகப் பிரிந்து கிடக்கும், அதில் ஒன்றைப் பிடித்து அவள் போவாள். ஐம்பதைத் தாண்டியவள். பயணிகள் தொணதொணத்தால் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவாள்.

வேன் அவள் புருஷன் தோர்லிக்குடையது. சுரங்க ஊரில் உயங்கா என்பவளோடு அவன் குடித்தனம் வைத்தபோது வண்டியைக் கூடாரத்து வாசலிலேயே விட்டுப் போய்விட்டான். அதுவரை ஒட்டகத்தைத் தவிர எதையும் ஓட்டாதவள், அந்தக் கோடை முழுக்க ஆட்டு மந்தைகளைக் கலைத்தபடி ஓட்டக் கற்றுக்கொண்டாள். பத்து வருஷத்துக்கும் மேல் அவன் பெயரை அவள் வாயால் யாரும் கேட்டதில்லை.

போன இலையுதிர் காலத்தில் உயங்கா அவள் வண்டியைத் தேடி வந்து நின்றாள். தோர்லிக் நெஞ்சுவலியில் போய்விட்டானாம். பிறந்த மண்ணில் புதைக்கச் சொல்லியிருந்தானாம். அது சமவெளியின் மறுகோடி. பிணம் ஏற்றினால் வண்டிக்கு ஆகாது என்று மற்ற டிரைவர்கள் எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள்.

ஹந்தா டீயைக் குடித்து முடித்தாள். பிறகு எழுந்து பின்சீட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

விடியலில் கிளம்பினார்கள். முன்னால் இரண்டு பெண்கள், பின்னால் பெட்டி. பார்வைக்கு எட்டிய தூரம் ஒரு மரமில்லை, ஒரு கூடாரமில்லை. வறண்ட ஏரிப் படுகை ஒன்றைக் கடக்கும்போது பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்தது. ஹந்தா ஜாக்கியைப் போட்டு, உடைந்த இடத்தில் கட்டை கொடுத்துக் கம்பியால் இறுக்கினாள். உயங்கா காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று அவள்மேல் மண் விழாமல் மறைத்தாள். மறைத்தபடியே கேட்டாள்.

“அக்கா, என்மேல உங்களுக்கு ரொம்ப வெறுப்பா?”

வண்டிக்கடியில் இருந்து குரல் வந்தது. “முதல் ரெண்டு குளிர்காலம் இருந்துச்சு. அப்புறம் இந்த வண்டி அடிக்கடி படுத்துக்கும். அதைப் பார்க்கவே நேரம் போதல.”

கம்பியை முறுக்கியபடி ஹந்தாவே கேட்டாள். “உன்கிட்டயும் குறட்டை விட்டானா?”

“கூடாரமே ஆடும்க்கா.”

ஹந்தா வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ். சிரித்தாளா அழுதாளா என்று தனக்குத் தெரியவில்லை என்றாள் உயங்கா, பிற்பாடு என்னிடம்.

பிறந்த மண்ணில் தோர்லிக்கின் அண்ணன் குழி தோண்டி வைத்திருந்தார். அவர் குடும்பத்துக்கு ஹந்தா ஒருத்தியைத்தான் மருமகளாகத் தெரியும். பால் கிண்ணத்தை அவளிடம் நீட்டி, முதலில் தெளிக்கச் சொன்னார். உயங்கா ஒதுங்கி, பெட்டியின் கால்மாட்டுக்குப் போய் நின்றுகொண்டாள்.

ஹந்தா கிண்ணத்தை வாங்கவில்லை. “கடைசியா அவன் தலையைப் பிடிச்சுத் தண்ணி கொடுத்தவ இவ. இவ தெளிக்கட்டும்.”

பெரியவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஊர்வாய்க்கு என்ன பதில் சொல்வது என்று முணுமுணுத்தார். ஹந்தா அங்கிருந்து நகரவில்லை. கடைசியில் கிண்ணம் உயங்காவின் கைக்குப் போனது. அவள் தெளித்து முடித்த பிறகுதான் ஹந்தா தெளித்தாள். மண் மூடும்போது அவள் வண்டிக்குப் போய் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடப் போகவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பலர் அவள் வண்டியில் ஏறவில்லை. பௌத்த லாமா ஒருவர் வந்து வண்டிக்குள் புகை போட்டு மந்திரம் சொன்னார். அதற்கப்புறமும் சிலர் தயங்கினார்கள். பனி கொட்டி மற்ற வண்டிகள் நின்றுபோனதும் தன்னால் வந்து ஏறிக்கொண்டார்கள். நானும் அப்படி ஏறியவன்தான்.

சுரங்க ஊரில் ராத்தங்க வேண்டி வந்தால் ஹந்தா இப்போது விடுதிக்குப் போவதில்லை, உயங்கா வீட்டுக்குப் போகிறாள். அங்கே இருவரும் அவனைப் பற்றிப் பேசுவார்களா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டாள்.